நாமினி என்றால் வாரிசு இல்லீங்க!

பி.காம். படிக்கும்போது 'பேங்கிங் லா அண்ட் பிராக்டிஸ்' என்று ஒரு பேப்பர் உண்டு. முதல் பாடமே வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் என்ன உறவு என்பதுதான். 1848-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஃபோலி - ஹில் வழக்கைச் சொல்லி, நாம் பணம் போட்டால் வங்கி நம்மிடம் கடன் வாங்கியதாக அர்த்தம் என்று நடத்துவார்கள். சரி, கடன் கொடுத்தவர் இறந்துபோனால் கடனாளி யாரிடம் திருப்பித் தர வேண்டும்? அதற்குப் புத்தகத்தில் கால் பக்கம்தான். அந்தக் கால் பக்கத்தின் கனம், கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன் இங்கே நாக்பூரில் நடந்தது. நம்ம ஊர்ப் பையன், தொழிற்சாலையில் வேலை, சாலை விபத்தில் போய்விட்டார். எஃப்.டி.யில் ஓரளவு நல்ல தொகை. கல்யாணத்துக்கு முன் போட்டது என்பதால் நாமினி தம்பி. அவர் இறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டு வந்தார். விதிப்படி கொடுத்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து அந்தப் பையனின் மனைவி கைக்குழந்தையோடு வந்தார். தமிழ் பேசும் ஆள் என்று என் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"சார், நாமினின்னா பணம் அவருக்கே சொந்தமாயிடுமா?"

ஆகாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் பிரிவு 45இசட்ஏ சொல்வது, நாமினியிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது என்பது மட்டும்தான். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவே; உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்குத்தான் என்று 2010-ல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆண் என்றால் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. அவர்கள் இருக்கும்போது தம்பிக்கு ஒரு பைசா கிடையாது.

ஆனால் பணம் போன பிறகு இதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தப் பெண் முன்கூட்டியே வந்து எழுதிக் கொடுத்திருந்தாலும், கோர்ட் உத்தரவு இல்லாமல் வங்கி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது (பிரிவு 45இசட்பி). இனி கொழுந்தன் மேல் வழக்குப் போட வேண்டும். கைக்குழந்தையோடு, வாழ வந்த ஊரில் இருந்துகொண்டு!

அவர் போன பிறகு ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கல்யாணமானதும் அந்தப் பையன் புது முகவரி மாற்ற வந்திருக்கிறார். விண்ணப்பத்தில் சரிபார்த்த கையெழுத்து என்னுடையது. "நாமினி இன்னும் தம்பிதானா?" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் என் பிரச்சினையே.

1952-ஆம் வருட பி.எஃப். திட்டம் இதை யோசித்திருக்கிறது. குடும்பம் இல்லாதபோது போட்ட நாமினேஷன், குடும்பம் ஏற்பட்டதும் செல்லாமல் போய்விடும். வங்கிக் கணக்கில் அப்படி இல்லை; நீங்கள் மாற்றும்வரை பழைய பெயர்தான். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை, யாருக்கு எத்தனை சதவீதம் என்று குறிப்பிட்டே நியமிக்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் பத்து வருடம் கழித்து அந்த நான்கு பெயரும் பழசாகிப் போனால்?

வாடிக்கையாளருக்கு விழிப்புணர்வு இல்லை என்று எங்கள் ஆட்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இன்ஷூரன்ஸ் விற்க நாலு தடவை போன் பண்ணத் தெரிந்த நமக்கு, கே.ஒய்.சி. புதுப்பிக்கும்போதும் எஃப்.டி. நீட்டிக்கும்போதும் நாமினி பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்ட முடியாதா? அரை நிமிஷ வேலை. இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. இப்போது நான் கேட்கிறேன். "காலங்கார்த்தால அபசகுனமா பேசறீங்களே" என்று திட்டு வாங்கியதும் உண்டு. பரவாயில்லை.

நீங்களும் இன்று ஒரு வேலை செய்யுங்கள். பாஸ்புக்கை எடுத்து நாமினி பெயரைப் பாருங்கள். 'நாமினேஷன் பதிவு செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தால் கிளையில் கேளுங்கள். பெயரையும் அச்சடித்துத் தருவார்கள். யாருக்குச் சேர வேண்டுமோ அவரையே நாமினியாகப் போடுங்கள். வாரிசுகள் பலர் என்றால் ஒரு உயிலும் எழுதி வையுங்கள். கல்யாணம், குழந்தை, வீட்டில் ஒரு சாவு, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு தடவை பாருங்கள்.

அந்தப் பெண் ஊருக்குப் போய்ப் பெரியவர்களை வைத்துப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். எவ்வளவு கிடைத்ததென்று தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.