வாடகை வீட்டின் கதவும் உரிமையாளரின் சாவியும்

வாடகைக்கு விட்ட வீட்டை, அதில் ஒரு குடும்பம் வாழ்ந்து கொண்டிருக்கும்போது, உரிமையாளர் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை சென்று பார்வையிடலாம்? நம் ஊர்களில் இது சண்டையாக எழுகிறதே தவிர, மார்க்கக் கேள்வியாக எழுவதில்லை.

அண்மையில் நாம் அறிந்த நிகழ்வு ஒன்று. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த சகோதரர், ஜும்ஆ முடிந்த கையோடு தம் வாடகை வீட்டுக்குச் சென்று, கைவசமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்துவிட்டார். குடியிருப்பவர் பள்ளிவாசலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. உள்ளே அவருடைய மனைவி தலையில் துணியின்றி நின்றிருந்தார். மறுமாதமே அக்குடும்பம் வீட்டைக் காலி செய்தது. உரிமையாளர் தீயவர் அல்லர். பல்லாண்டு உழைப்பை அக்கட்டடத்தில் கொட்டியவர். "என் வீட்டுக்குள் நான் போக யாரிடம் கேட்க வேண்டும்?" என்பதே அவருடைய பதில்.

அந்த "என் வீடு" என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் கட்டடம் உரிமையாளரிடமே இருக்கிறது. ஆனால் அதன் பயன்பாட்டை அவர் குறிப்பிட்ட காலத்துக்கு விற்றுவிட்டார். விற்ற பொருளுக்குப் பணமும் பெற்றுக்கொண்டார். ஆகவே அந்த 11 மாதங்களுக்கு அது குடியிருப்பவரின் இல்லம். உங்கள் வீடுகள் அல்லாத வீடுகளில் அனுமதி கோரி, ஸலாம் கூறாமல் நுழையாதீர்கள் என்ற சூரத்துந் நூரின் 27ஆம் வசனக் கட்டளை உரிமையாளருக்கும் பொருந்தும். 28ஆம் வசனம், திரும்பிச் செல்லுங்கள் எனச் சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்கிறது. அடுத்த வசனமோ, நமக்குப் பயனுள்ள பொருள் இருக்கும் வீட்டில் நுழைவதைக் குற்றமில்லை என்கிறது. ஆயினும் அங்கு யாரும் குடியிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. குடியிருப்போர் உள்ள வீட்டுக்கு அச்சலுகை இல்லை.

இதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம், ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்பும் வீட்டுப் பணியாளரும் பருவமடையாத பிள்ளைகளும் கூட அனுமதி பெற்றே வர வேண்டும் என்கிறது. சொந்தப் பிள்ளைக்கே இந்த வரம்பு என்றால், வாடகை வாங்குபவருக்கு எவ்வளவு! அனுமதி கோருதல் விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என நபி (ஸல்) அவர்கள் விளக்கியது புகாரியில் பதிவாகியுள்ளது. (வாடகைக்காரர் வீட்டு வாசலை நோக்கிக் கேமரா பொருத்திவிட்டு, கைப்பேசியில் விருந்தினரை எண்ணிக்கொண்டிருப்போரும் இதைச் சற்று யோசிக்கட்டும்.)

நாட்டுச் சட்டமும் இதற்கு முரணாக இல்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், பார்வையிடவோ பழுது பார்க்கவோ வருவதாயின் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து வடிவில் தெரிவிக்கச் சொல்கிறது. ஒன்றிய அரசின் 2021 மாதிரிச் சட்டம், சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பின்பும் நுழைவதைத் தடுக்கிறது.

அப்படியானால் பார்வையிடவே கூடாதா? கூடாது என்று நாம் சொல்லவில்லை. இன்னும் சொன்னால், ஒருபோதும் எட்டிப் பார்க்காத உரிமையாளர்கள் மீதே நமக்கு வருத்தம் அதிகம். மேற்கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, குளியலறைச் சுவரில் நீர் கசிகிறது என்று ஆறு மாதமாகச் சொல்லியும் வராதவர், 5ஆம் தேதி வாடகைக்கு மட்டும் தவறாமல் வருகிறார். வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது அவர் பெறும் கூலிக்கு ஈடான கடமை. குடியிருப்பவர் அவ்வீட்டின் அமானிதக்காரர். வரம்பு மீறாமலும் அலட்சியமின்றியும் இருந்தால் இயல்பான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பாளியும் அல்லர். அதைத் தேடிப் பிடிக்க மாதந்தோறும் வருவது துருவி ஆராய்தலே.

நம் கருத்தில், ஆண்டுக்கு இருமுறை போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒருமுறை மாடி, வடிகால், மின்கம்பிகளைப் பார்க்கலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மற்றொரு முறை. இவை தவிர, குடியிருப்பவர் அழைக்கும்போதெல்லாம் செல்ல வேண்டும். தீயோ வெள்ளமோ வந்தால் அது வேறு. ஆண் துணை வீட்டில் இல்லாத வேளையிலும், இத்தா இருக்கும் பெண் உள்ள வீட்டிலும், உரிமையாளர் தம் வீட்டுப் பெண்மணி ஒருவரை உடன் அழைத்துச் செல்லட்டும். அலமாரியும் படுக்கையறையும் அவருடைய பார்வைக்கு உரியவை அல்ல.

இவற்றை ஒப்பந்தத்தாளிலேயே இரண்டு வரிகளில் எழுதிக்கொள்ளலாம். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவரிடமே இருப்பது நல்லது.