அறிவிப்பும் அறிதலும்

நுழையும்முன்

மக்களிடம் கருத்துக் கேட்பது மக்களாட்சியின் இயல்பு. கேட்கப்படும் மொழி புரிந்தால்தான் சொல்லப்படும் கருத்துக்குப் பொருளுண்டு.

வடசென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் வரை மீன்பிடித் துறைமுகமும் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் குடியிருப்புகளை ஒட்டியே அமைந்துள்ளன. இங்குப் பெருந்திட்டம் ஒன்று வருமாயின், அதனை முதலில் அறிய வேண்டியவர்கள் அப்பகுதி மக்களே. அதற்கான வழியை நடுவண் அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வகுத்துள்ளது.

கருத்துக்கேட்புக் கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன்பே நாளிதழ்களில் அறிவிப்பு வெளிவர வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருத்தல் வேண்டும். கூட்டத்திற்கு வர இயலாதோர் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். கூட்ட நடவடிக்கைகளை இறுதியில் மக்கள் மொழியில் விளக்க வேண்டும். எனினும், இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்னும் வரையறை இல்லை. அறிவிப்புப் புரியாமல் ஊரார் வீட்டிலேயே இருந்துவிட்டாலும், கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். புரியாமையால் வரும் இழப்பு மக்களையே சேர்கிறது.

மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் தரப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் தமிழ் எழுத்தில் இருப்பதனால் மட்டும் ஒன்று எளிய தமிழாகிவிடாது. 'தூர்வாரி ஆழப்படுத்தல்' என்று அறிக்கை கூறுகிறது. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் வலைவீசும் மீனவர்க்கு எழும் வினாவோ வேறு: "இனி இங்கே இறால் கிடைக்குமா? படகு செல்ல வழியிருக்குமா?" அவ்வினாவுக்கு விடை தராத அறிவிப்பு, அறிவிப்பு என்னும் பெயருக்கே உரியதன்று.

மொழியின் இன்றியமையாமையை நீதிமன்றமும் உணர்த்தியுள்ளது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கைக்கு மாற்றாக 2020இல் வரைவு ஒன்று வெளியிடப்பட்டு, மக்களின் கருத்துக் கோரப்பட்டது. அதனை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்குமாறும், கருத்துத் தெரிவிக்கும் காலத்தை ஆகஸ்டு 11 வரை நீட்டிக்குமாறும் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30 அன்று ஆணையிட்டது.

சட்டச் சொற்களை எளிமையாக்கினால் பொருள் பிறழும் என்பர் சிலர். அவ்வச்சத்தைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் சட்டச் சொல்லை நீக்க வேண்டியதில்லை. அதனருகே விளக்கம் தந்தால் போதும். பரப்பளவை ஹெக்டேரில் குறிப்பிடுவதோடு, எந்த ஊரின் எந்தக் கரை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

எது வரப்போகிறது, அதனால் எது மாறும், யாரிடம் எந்த நாளுக்குள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்னும் மூன்றுக்கும் முதல் வாசிப்பிலேயே விடை தருவதே நல்ல அறிவிப்பு. அவ்வாறு அமையாதபோது, நாளிதழின் மூலையில் வந்த செய்தியை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்து விளக்கும் மாணவர், தாம் கற்ற தமிழைத் தம் ஊரின் உரிமைக்குப் பயன்படுத்துகிறார். புரியும்படி கேட்பது அரசின் கடமை; புரிந்துகொண்டு சொல்வது குடிமக்களின் உரிமை.