ஏஐ விடை சொன்னா பாடம் புரிஞ்சிடுமா? வகுப்பறையில் ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

ஞாயிறு இரவு 10 மணி. மறுநாள் வகுப்புத் தேர்வுக்கு வினாத்தாள் ரெடியாகணும். திருத்தாத நோட்டுகள் ஒரு கட்டு மேசையில் கிடக்கின்றன. ஆசிரியர் போனை எடுத்து சாட்ஜிபிடியிடம் கேட்கிறார். ஒரு நிமிஷத்தில் 10 கேள்விகள் வந்துவிடுகின்றன. அதே நேரத்தில் அவருடைய மாணவர் ஒருவர் வீட்டுப்பாடத்தை அதே செயலியில் போட்டு, வந்த விடையை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து உலகம் முழுக்க பள்ளிகள் சந்திக்கும் சிக்கல் இதுதான். ஏஐ வேணுமா, வேண்டாமா என்ற விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். அதைப் பயன்படுத்தினால் பிள்ளைகள் உண்மையிலேயே கற்றுக்கொள்கிறார்களா?

துருக்கியில் நடந்தது என்ன?

துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கிட்டத்தட்ட 1,000 மாணவர்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பாடம், கணக்கு. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற கருவி. இன்னொரு பிரிவினருக்கு விடையை நேரடியாகச் சொல்லாமல், குறிப்பு மட்டும் கொடுக்கும் கருவி. மூன்றாவது பிரிவினருக்குப் புத்தகமும் நோட்டும் மட்டுமே.

பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவினர் 48% அதிக மதிப்பெண் எடுத்தார்கள். பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஆனால், ஏஐ இல்லாமல் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாத மாணவர்களைவிட அவர்கள் 17% குறைவாக வாங்கினார்கள். விடையை வாங்கி எழுதிப் பழகியதில், தாங்களாகப் போட வேண்டிய பயிற்சி போய்விட்டது. குறிப்பு மட்டும் கொடுத்த கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆனால், தேர்வில் அவர்களுக்குக் கூடுதல் லாபமும் கிடைக்கவில்லை.

நைஜீரியாவில் மட்டும் எப்படி?

2024 ஜூன், ஜூலை மாதங்களில் நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் உலக வங்கி ஆதரவுடன் ஒரு திட்டம் நடந்தது. பள்ளி முடிந்த பிறகு, ஆறு வாரம், மாணவர்கள் ஏஐ உதவியுடன் ஆங்கிலம் படித்தார்கள். பங்கேற்காதவர்களைவிட இவர்கள் தேர்வில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

இங்கே ஆசிரியர் அறையிலேயே இருந்தார். எந்தக் கேள்வியில் தொடங்கணும் என்று வழிகாட்டினார். வந்த பதிலைப் பற்றி யோசிக்க வைத்தார். மாணவரைத் தனியாக ஏஐ-யிடம் விட்டுவிடாமல் கூடவே ஓர் ஆசிரியர் இருந்தது முக்கியமான வித்தியாசம்.

அப்படின்னா ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

1. ஒரே பாடம், மூன்று படிநிலை: 40 பேர் இருக்கும் வகுப்பில் எல்லாரும் ஒரே வேகத்தில் போக மாட்டார்கள். ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கு எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று பயிற்சித்தாள் தயாரிக்க ஒரு ஆசிரியருக்கு ஒரு மாலை முழுக்கப் போகும். ஏஐ முதல் வரைவைக் கொடுத்தால், சரிபார்க்கிற வேலை மட்டும்தான் மிச்சம்.

2. குறிப்பு மட்டும் கேட்பது: 1/2 + 1/3 கூட்டச் சொன்னால், பல பிள்ளைகள் 2/5 என்று எழுதுவார்கள். இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும். அதையே ஏஐ-க்குச் சொல்லிவிடலாம்: "விடையைச் சொல்லாதே. மாணவர் எந்தப் படியில் தடுமாறுகிறார் என்று கேள். ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு மட்டும் கொடு." துருக்கியில் இரண்டாவது கருவியும் ஏறக்குறைய இப்படித்தான் உருவாக்கப்பட்டது. எங்கே தப்பு வரும் என்ற தகவலை ஆசிரியர்களே அதற்குக் கொடுத்திருந்தார்கள்.

3. தப்பைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு: ஒரு குறளுக்கு எண்ணும் பொருளும் கேட்டால், ஏஐ சில நேரம் தப்பான எண்ணைச் சொல்லும். இல்லாத குறளையே எழுதித் தரவும் வாய்ப்புண்டு. அந்தப் பதிலைக் கரும்பலகையில் எழுதி, "புத்தகத்தைத் திறந்து சரிபாருங்க" என்று சொன்னால், வகுப்பே தேட ஆரம்பித்துவிடும்.

தமிழில் கேட்டால் என்ன சிக்கல்?

இந்தக் கருவிகள் எழுத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கின்றன. ஆங்கிலத்தைவிட தமிழ் வாக்கியம் அதிகத் துண்டுகளாக உடையும். பயிற்சிக்குக் கிடைத்த தமிழ் உரைகளும் குறைவு. அதனால் தமிழ்ப் பதிலில் தப்பு வர வாய்ப்பு கூடுதல்.

கலைச்சொல் பிரச்சினையும் உண்டு. நம்ம பாடநூலில் விசை வேறு, ஆற்றல் வேறு, திறன் வேறு. வேகமும் திசைவேகமும் ஒன்றல்ல. ஏஐ இவற்றை மாற்றிப் போட்டுவிட்டால், அதைப் படித்துவிட்டுப் போகிற மாணவருக்குத் தேர்வில் மதிப்பெண் போகும். அதனால் பாடநூலில் உள்ள பகுதியைக் கொடுத்து, "இதில் உள்ள சொற்களை மட்டும் பயன்படுத்து" என்று கேட்பது நல்லது.

எதைச் செய்யக் கூடாது?

"இது ஏஐ எழுதியதா?" என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இவை ஏஐ எழுதியவை எனத் தப்பாகக் காட்டியதாக 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. சந்தேகம் வந்தால், மாணவரை அழைத்து "இந்தப் பத்தியை உன் வார்த்தையில் சொல்லு" என்று கேட்டாலே போதும்.

மாணவரின் பெயர், மதிப்பெண், உடல்நலம், குடும்ப விவரம் எதையும் செயலியில் போடக் கூடாது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாத எல்லாருமே குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாள பெற்றோர் ஒப்புதல் வேண்டும். வகுப்பறையில் இந்தக் கருவிகளைப் பயன்படுத்த குறைந்தபட்ச வயது 13 என யுனெஸ்கோ 2023-ல் பரிந்துரைத்திருக்கிறது.

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்காங்களா?

அப்ப இன்னிக்கே ஒண்ணு செஞ்சு பாருங்க. ஏஐ உதவியோட முடிச்ச வீட்டுப்பாடத்துல ஒரு கணக்கை மட்டும் எடுத்து, போனை ஓரமா வெச்சிட்டு மறுபடியும் போடச் சொல்லுங்க. போட முடிஞ்சா, பாடம் புரிஞ்சிருக்கு. முடியலைன்னா திட்ட வேண்டாம். எந்தப் படியில் நின்னாங்கன்னு பார்த்து வெச்சு, அதை ஆசிரியர்கிட்ட சொல்லுங்க. அவர் எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ண அது உதவும்.