எண்ணும் அலகும்

எண் தனித்து நின்று பொருளை முற்றும் உணர்த்தாது. 'பத்து' என்று மட்டும் ஒருவர் கூறின், 'பத்து என்ன?' என்னும் வினா உடனே எழும். பத்துப் படியா, பத்து முழமா, பத்து ஏக்கரா என்பதை அலகின் பெயரே விளக்கும். ஆதலின், எண்ணை எழுதுவோர் அதனை அலகோடு சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

இது நம் மொழிக்குப் புதிய நெறி அன்று. எண்ணுப்பெயரோடு அளவுப்பெயரும் நிறைப்பெயரும் புணரும் முறையைத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விரித்துரைத்துள்ளார். மூன்றும் நாழியும் சேர்ந்து முந்நாழி ஆகும். ஐந்தும் கழஞ்சும் சேர்ந்து ஐங்கழஞ்சு ஆகும். எண்ணும் அளவும் ஒரு சொல்லாய் ஒன்றி நிற்றலைக் காண்க. நாழியும் கழஞ்சும் வழக்கொழிந்தன. அவ்வொற்றுமை ஒழிதல் தகாது.

'இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாகாதோ?' எனச் சிலர் வினவுவர். நேரிற் பேசுவோர்க்கு அது பொருந்தும். எழுத்தோ, எழுதியவர் செல்லாத இடத்துக்கும் செல்லும். கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரில் உழவர் ஒருவர், தாம் பயிரிடும் காட்டு நிலத்துக்கு உரிமை வேண்டி விண்ணப்பம் எழுதுகிறார் என்று கொள்வோம். மக்கள் பேச்சில் வழங்குவது ஏக்கர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, பயிரிட்டுவரும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை வழங்கலாம் என்கிறது. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர் ஆகும். விண்ணப்பத்தில் '3' என்று மட்டும் இருப்பின், 3 ஹெக்டேர் உழுபவர் 3 ஏக்கரே பெற நேரலாம். அலகு ஒன்று விடுபட்டமையால் அவர் இழப்பது நான்கு ஏக்கருக்கும் மேல்!

அலகு மயங்கினால் உயிருக்கும் இடர் நேரும். 1983ஆம் ஆண்டு கனடா நாட்டில், கிலோகிராமிற் கணக்கிட வேண்டிய எரிபொருளை இராத்தல் கணக்கில் அளந்தமையால், வேண்டியதிற் பாதியும் இன்றி ஒரு விமானம் புறப்பட்டது. நடுவானிற் பொறிகள் நின்றன. விமானிகளின் திறத்தால் அனைவரும் உயிர் பிழைத்தனர்.

எழுதும் முறை எளிதே. எண்ணுக்கும் அலகுக்கும் இடையே சிறிது இடம் விடுக. ஆயினும், எண்ணை ஒரு வரியின் இறுதியிலும் அலகை அடுத்த வரியின் தொடக்கத்திலும் பிரித்து எழுதற்க. '.5 மீட்டர்' என எழுதின், புள்ளி மங்கியவழி அது 5 மீட்டராகத் தோன்றும், ஆதலால் '0.5 மீட்டர்' என்க. '5 கி.' எனச் சுருக்கின், கிராமோ கிலோகிராமோ என்னும் ஐயம் எழும், '5 கி.கி.' என்க. 'மீட்டர்கள்' எனல் வேண்டா; அஃறிணைப் பெயர் 'கள்' பெறாமலும் பன்மை உணர்த்தும்.

மாணவர்களே! எழுத்தறியா முதியோர் தம் விண்ணப்பங்களை எழுதித் தருமாறு உங்களை நாடி வருவர். அப்பொழுது எண்ணை எழுதிய அளவில் கை ஓயலாகாது. அலகையும் எழுதிய பின்னரே ஓய்தல் வேண்டும்.