சூசனுக்கு யாரு போய்ச் சொன்னாங்க?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். போன மாசம் நடந்த ஒரு கூட்டத்துக்கு அப்புறம் இனிமே தள்ளிப்போட முடியாதுன்னு ஆயிடுச்சு.

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். இது மதப் பிரச்சாரப் பதிவும் இல்லை, மதத்தைத் திட்டற பதிவும் இல்லை. ரெண்டு தரப்பும் கும்மியடிக்க வேற இடம் பாத்துக்கலாம் :-) கதைப் புத்தகங்களைப் பத்தின பதிவு, அவ்வளவுதான்.

எங்க சபையில 13லேர்ந்து 18 வயசுப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன நூலகம் ஆரம்பிக்கறாங்க. ரெண்டு பீரோ, நூத்தைம்பது புத்தகம். பிள்ளைங்க எப்படியும் மாயாஜாலக் கதைதான் படிக்கப் போறாங்க, அதுல விசுவாசத்தோட எழுதினவங்க புத்தகமா இருந்தா நல்லதுதானேன்னு யோசனை. புத்தகம் தேர்ந்தெடுக்கற மூணு பேர்ல நானும் ஒருத்தன். முதல் கூட்டத்துலயே "எதெல்லாம் இருக்கக் கூடாது"ன்னு ஒரு பட்டியல் போட்டோம். கெட்ட வார்த்தை கூடாது. முத்தம், அதுக்கு மேல எதுவும் கூடாது. குடி கூடாது. சூனியத்தை நல்லதாக் காட்டக் கூடாது. இந்தப் பட்டியலை எழுதினது வேற யாரும் இல்லை, நானேதான். என் கையெழுத்துதான் அந்த நோட்டுல இருக்கு. அதனால யாரையும் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை.

பட்டியல் ஒண்ணும் புதுசு இல்லை. அமெரிக்காவுல கிறிஸ்தவப் புத்தகக் கடைகளை நம்பி எழுதறவங்க பல வருஷமா இதே வேலியைச் சுத்தித்தான் எழுதறாங்க. அந்த வேலியில எது மாட்டும், எது மாட்டாதுன்னு பாத்தா வேடிக்கையா இருக்கும். 'லெஃப்ட் பிஹைண்ட்' தொடர் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குன்னே தனியா ஒரு தொடர் 1998ல ஆரம்பிச்சு 2004 வரைக்கும் 40 புத்தகம் வந்துச்சு. உலக முடிவு, கொள்ளைநோய், பூகம்பம், கூட்டம் கூட்டமாச் சாவு, எல்லாம் உண்டு. பத்து வயசுப் பையன் கையில தாராளமாக் கொடுப்பாங்க. அதே புத்தகத்துல ஒரு பையன் கால்ல கல்லு விழுந்து ஒரு சாதாரண வசவைச் சொல்லிட்டா, கடைக்குப் புகார் போயிடும்!

இன்னொரு பக்கம், 2001 டிசம்பர்ல நியூ மெக்சிகோவுல அலமொகோர்டோங்கற ஊர்ல ஒரு சபை ஹாரி பாட்டர் புத்தகங்களைத் தீ வெச்சுக் கொளுத்தினாங்க. ஆறு வருஷம் கழிச்சு 2007ல கடைசிப் புத்தகம் வந்தப்போ, ஹாரியோட அப்பா அம்மா கல்லறையில ஒரு வேத வசனமும், டம்பிள்டோர் வீட்டுக் கல்லறையில இன்னொரு வேத வசனமும் இருந்துச்சு. கொளுத்தினவங்க அதைப் படிச்சாங்களான்னு தெரியலை.

வேதாகமத்தையே நம்ம பட்டியலுக்குள்ள வெச்சுப் பார்க்கற பழைய வாதம் ஒண்ணு இருக்கு. நியாயாதிபதிகள் 19, 2 சாமுவேல் 13, உன்னதப்பாட்டு முழுசும். எல்லாமே தேறாது. அதை இங்க நீட்டி முழக்க விரும்பலை. எல்லா இளைஞர் கூட்டத்துலயும் ஒரு பையன் எழுந்து கேக்கறதுதான், எல்லாத் தலைவரும் சிரிச்சு மழுப்பறதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நார்னியா.

என் அக்கா மகளுக்கு ஒம்பது வயசு இருக்கறப்போ, 2014ல, நார்னியா ஏழு புத்தகத்தையும் நான்தான் வாசிச்சுக் காட்டினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அத்தியாயம், இங்கிலீஷ்ல வாசிச்சு நடுநடுவுல தமிழ்ல சொல்லுவேன். கல்மேடையில அஸ்லானைக் கட்டி, பிடரியைச் சிரைச்சுக் கொல்ற இடம் வந்தப்போ ஒரு வரி கூட விடலை. அவ அழுதா, நானும் கூட லேசா. அது ஓகே. ஆனா ஏழாவது புத்தகம் 'தி லாஸ்ட் பேட்டில்' வந்தப்போ ஒரு பக்கத்தை விட்டுட்டுத் தாண்டிட்டேன். அந்தப் பக்கத்துலதான் சூசன் இனிமே நார்னியாவோட தோழி இல்லைன்னு அண்ணன் பீட்டர் சொல்லுவான். அவளுக்கு இப்போ நைலான் சாக்ஸும் லிப்ஸ்டிக்கும் விருந்து அழைப்பும்தான் முக்கியம்னு ஜில் சொல்லுவா.

1956ல வந்த அந்த ஒரு பக்கத்துக்காக லூயிஸ் இன்னிக்கு வரைக்கும் அடி வாங்கறார். பொம்பளைப் பிள்ளை வளர்றதே பாவமான்னு பிலிப் புல்மன் 1998ல கார்டியன்ல காய்ச்சி எடுத்தார். நீல் கெய்மன் 2004ல அதை வெச்சே ஒரு சிறுகதை எழுதினார். லூயிஸோ, 1957ல ஒரு சின்னப் பையனுக்கு எழுதின கடிதத்துல, சூசன் திருந்தி வர இன்னும் நிறைய நாள் இருக்கு, அவ அவளோட வழியிலேயே அஸ்லானோட நாட்டுக்கு வந்தாலும் வருவான்னு சொல்லியிருக்கார். கதையில இல்லாத கருணை கடிதத்துல இருக்கு.

நான் ஏன் தாண்டினேன்? ஒம்பது வயசுப் பிள்ளைகிட்ட லிப்ஸ்டிக் போட்டா சொர்க்கம் கிடையாதுன்னு வாசிக்க வாய் வரலை. அவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்துல இருந்த விஷயத்தைத்தான் "பெரியவங்க விஷயம்"னு நெனச்சேன்.

2019ல அவளுக்குப் பதினாலு வயசு. மச்சான் நாலு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தார். சபையே உபவாச ஜெபம் பண்ணுச்சு. அவ ஸ்கூல் விட்டு வந்து யூனிஃபார்மைக் கூட மாத்தாம முழங்கால்ல நிப்பா. சுகம் கிடைக்கும், விசுவாசி மட்டும்னு ஞாயிறு பள்ளியில சொல்லிக் கொடுத்திருந்தாங்க. கதைகளும் அதையேதான் சொல்லுச்சு. ஆகஸ்ட்ல மச்சான் போயிட்டார்.

அதுக்கு ஒரு ஏழெட்டு மாசம் கழிச்சு அவளாவே நார்னியாவை மறுபடி எடுத்து, முதல் பக்கத்துலேர்ந்து தனியாப் படிச்சிருக்கா. ஒரு நாள் என்கிட்ட வந்து நின்னா. "மாமா, நீங்க வாசிக்கும்போது சூசன் பத்தி இது இல்லையே"ன்னா. மாட்டிக்கிட்டோம்டான்னு லிப்ஸ்டிக்குக்கு ஒரு விளக்கம் ஆரம்பிச்சேன். புல்மன், கெய்மன்னு.. அவ கேக்கவே இல்லை.

"லிப்ஸ்டிக்கை விடுங்க மாமா. ரயில் விபத்துல அவ அண்ணன், தம்பி, தங்கச்சி, அம்மா, அப்பா எல்லாரும் செத்துட்டாங்கல்ல. அவங்க எல்லாம் அங்க சந்தோஷமா இருக்காங்க. இவ இங்க தனியா இருக்கா. இவளுக்கு யாரு போய்ச் சொன்னாங்க?"

என்கிட்ட பதில் இல்லை. அந்தப் புத்தகத்தை மூணு தடவை படிச்சிருக்கேன். ஒரு தடவை கூட எனக்கு அந்தக் கேள்வி வரலை. நானும் உலகமும் இருவது முப்பது வருஷமா லிப்ஸ்டிக்கைப் பத்திச் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். அந்தப் பக்கத்துல நிஜமாவே பெரியவங்க விஷயம்னு ஒண்ணு இருந்தா, அது இருவது சொச்சம் வயசுப் பொண்ணு ஒருத்தி ஒரே நாள்ல குடும்பத்தோட அஞ்சு பேரையும் இழந்து நிக்கிறதுதான். லூயிஸ் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. எந்தத் தணிக்கைப் பட்டியலும் அதைக் கண்டுபிடிக்காது.

அவ அதோட விடலை. 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வுல டிகோரியோட அம்மா சாகக் கிடப்பாங்க. அவன் திருடாம, அஸ்லான் சொன்ன பேச்சைக் கேட்டு, கடைசியில அஸ்லான் கொடுத்த ஆப்பிளால அவங்க பிழைச்சுடுவாங்க. "அவங்க மட்டும் ஏன் பிழைச்சாங்க?"ன்னு கேட்டா.

அப்போதான் அவகிட்ட சொன்னேன். லூயிஸோட அம்மா 1908ல புற்றுநோயில செத்துட்டாங்க. அவருக்கு அப்போ ஒம்பது வயசு. அந்தச் சின்னப் பையனும் ஜெபம் பண்ணினான், பிழைக்கணும்னு. இறந்த பிறகும் ஏதாவது அற்புதம் நடக்கும்னு பார்த்தான். நடக்கலை. இதை அவரே 'சர்ப்ரைஸ்ட் பை ஜாய்'ங்கற சுயசரிதையில எழுதியிருக்கார். அது வந்தது 1955. டிகோரி கதை வந்ததும் அதே 1955. ஒரே வருஷத்துல பெரியவங்களுக்கு நடந்ததைச் சொன்னார், பிள்ளைகளுக்கு நடக்காததைச் சொன்னார்.

"அப்போ பொய் சொன்னாரா?"

இல்லைன்னுதான் இன்னிக்கும் நினைக்கிறேன். அந்தக் கதையில டிகோரி தலை நிமிர்ந்து பார்க்கறப்போ அஸ்லானோட கண்ல அவனைவிடப் பெரிய கண்ணீர் இருக்கும். அம்மாவை இழந்த ஒருத்தரால மட்டும்தான் அந்த இடத்தை எழுத முடியும். அந்தச் சுகம் சும்மாவும் வரலை. ஆப்பிளைத் திருடிட்டு வீட்டுக்கு ஓடிடுன்னு சூனியக்காரி தூண்டுவா, அவன் கையைக் கட்டிக்கிட்டுத் திரும்பி வருவான். ஆனா அந்தக் கதை மட்டுமே ஒரு பிள்ளைக்குக் கிடைச்சா, அது அரைகுறைதான். லூயிஸுக்கே பின்னாடி 1960ல மனைவி ஜாய் இறந்ததும், கடவுள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருந்ததை எழுத வேண்டி வந்துச்சு. 1961ல வந்த அந்தப் புத்தகத்தைச் சொந்தப் பேர்ல போடக் கூட அவருக்கு மனசு வரலை, புனைபேர்ல போட்டார்.

எங்க பட்டியல்ல இருந்த ஓட்டை அப்போதான் எனக்குப் புரிஞ்சிருக்கணும். (புரிஞ்சிருந்தா போன மாசம் அதே பட்டியலை எழுதியிருப்பேனா!) விசுவாசிகள் எழுதற இளையோர் கதைகள்ல முத்தம் இல்லாததால யாரும் கெட்டுப் போகலை, இருந்தாலும் கெட்டுப் போகப் போறதில்லை. கேக்கப்படாத ஜெபம் அந்தக் கதைகள்ல இல்லைங்கறதுதான் நிஜக் குறை. 3வது அத்தியாயத்துல ஜெபம், 20வது அத்தியாயத்துல பதில். வேதாகமமே அப்படி இல்லை. சங்கீதம் 88ஐ எடுத்துப் பாருங்க, இருட்டுலயே முடியும், ஆறுதலா ஒரு வரி கூட இல்லாம.

அப்போ அவளுக்கு நான் கொடுத்த புத்தகம் மேடலின் லெங்கிள் எழுதின 'எ ரிங் ஆஃப் எண்ட்லெஸ் லைட்'. 1980ல வந்தது. லெங்கிள் கிறிஸ்தவ விசுவாசி, ஆனா 'எ ரிங்கிள் இன் டைம்'க்காக அவரைச் சூனியக்காரி ரேஞ்சுக்குத் திட்டினவங்களும் கிறிஸ்தவங்கதான். இந்தக் கதையில விக்கின்னு ஒரு பொண்ணு, பதினாறு வயசு நெருங்குது. தாத்தா ஓய்வு பெற்ற போதகர், லுகேமியாவுல கொஞ்சம் கொஞ்சமாச் செத்துக்கிட்டிருக்கார். கதையே ஒரு அடக்க ஆராதனையிலதான் ஆரம்பிக்கும். டால்ஃபின்களோட மனசால பேசற மாயம் ஒரு பக்கம், மூணு பையன்களோட குழப்பம் ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில ஒரு சின்னக் குழந்தை விக்கியோட கையிலேயே உயிரை விடும். அதுக்கப்புறம் அவளுக்கு ஜெபமும் வராது, தாத்தா சொல்ற எதுவும் காதுல ஏறாது. தாத்தா பிழைக்க மாட்டார். எந்த ஆப்பிளும் வராது. ஆனா விசுவாசம் போயிடாது, அடிபட்டு, நொண்டிக்கிட்டு, கூடவே இருக்கும்.

அக்கா மக அதை ரெண்டு நாள்ல முடிச்சா. முடிச்சுட்டு ஒண்ணும் சொல்லலை. ஆனா அந்த வாரம் அப்பாவோட சட்டையை எடுத்து மடிச்சு வெச்சான்னு அக்கா சொன்னா. அது வரைக்கும் கொடியில கிடந்த மாதிரியே கிடந்துச்சு, யாரையும் தொட விடலை அவ.

அதுக்காக எதை வேணும்னாலும் எந்த வயசுல வேணும்னாலும் கொடுக்கலாம்னு சொல்ல வரலை. டோல்கீன் தீவிரக் கத்தோலிக்கர். அவர் எழுதி, அவர் இறந்து முப்பத்திநாலு வருஷம் கழிச்சு 2007ல மகன் தொகுத்து வெளியிட்ட 'தி சில்ட்ரன் ஆஃப் ஹூரின்'ல அண்ணனும் தங்கையும் தெரியாமலே கல்யாணம் பண்ணிக்குவாங்க, உண்மை தெரிஞ்சதும் ரெண்டு பேரும் உயிரை மாய்ச்சுக்குவாங்க. பிரமாதமான புத்தகம். பன்னெண்டு வயசுக்கு நான் கொடுக்க மாட்டேன். பதினேழுக்குக் கொடுப்பேன், படிச்சு முடிச்சதும் பக்கத்துல உக்காந்து பேசவும் தயாரா இருப்பேன். பட்டியல் போட்டா அந்த உக்கார்ற வேலை மிச்சமாகுது. எங்களுக்கு அது சௌகரியம், அதுதான் உண்மை.

வர்ற ஞாயிற்றுக்கிழமை அடுத்த கூட்டம். லெங்கிளைக் கொண்டு போறேன். அதுல முத்தம் இருக்கு, என் கையெழுத்துல இருக்கற 2வது விதியிலேயே அடிபடும். கூட இருக்கற அண்ணன் நிச்சயம் கேப்பார், "நீங்கதானே தம்பி எழுதினீங்க?"ன்னு. அடிச்சுத் திருத்த பேனாவும் எடுத்துட்டுப் போகணும்.

புதுப் பிரதி வாங்கலாம்னு பார்த்தேன். காலேஜ் லீவுல வந்திருக்கற அக்கா மக, தன்னோடதையே எடுத்துக்கச் சொல்லிட்டா. அட்டை பிஞ்சு கிடக்கு. சனிக்கிழமைக்குள்ள பைண்டிங்குக்குக் கொடுத்து வாங்கணும்.