சோற்றுக்கு ஒரு படம், ஆத்மாவுக்கு ஒரு படமா?

எங்கள் ஊர் நூலக மண்டபத்தில் சென்ற மாதம் ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. படங்களை எடுத்தவர், கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைக்கிறவர். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கூச்சப்படுவார். இருபது வருஷமாக அவர் ஒரு காரியம் செய்து வந்திருக்கிறார். தாலி கட்டி முடிந்து, பந்திக்கு எல்லோரும் எழுந்து போகிற சந்தடியில் மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்விடுவார். அங்கே வியர்வையைத் துடைத்துக் கொண்டு நிற்கும் சமையல்காரர், இலை எடுக்கும் பெண்கள், நாயனத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணயரும் வித்வான் ஆகியோரைப் படம் எடுப்பார். எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. காசு கொடுத்ததும் இல்லை.

கண்காட்சியைத் திறந்து வைக்க வந்த பிரமுகர் உருகிப் போய்விட்டார். "இப்பேர்ப்பட்ட கலைஞர், மாலையும் கழுத்துமாக நிற்பவர்களைப் படம் பிடித்து வாழ்நாளை வீணாக்கலாமா? அது வயிற்றுக்கு, இது ஆத்மாவுக்கு. இனியாவது அந்தத் தொழிலைத் தலைமுழுகிவிட்டுக் கலைக்கே தம்மை அர்ப்பணிக்க வேண்டும்" என்று பிரசங்கம் செய்தார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் வெட்கமாக இருந்தது.

ஐயா பிரமுகரே, அந்தப் பின்கட்டுக்குள் அவரை யார் விட்டார்கள்? கல்யாணத் தொழில்தான் விட்டது. கழுத்தில் காமிராவோடு ஒரு அந்நியர் போய் நின்றால் சமையல்காரர் முகத்தைத் திருப்பிக் கொள்வார். இல்லையேல் மேல்துண்டைச் சரிசெய்து விறைத்துக் கொள்வார். இவரோ அவர்களோடு கடைசிப் பந்தியில் உட்கார்ந்து ஆறிய ரசம் சாப்பிடுகிறவர். தொழிலைத் தலைமுழுகச் சொன்னீர்களே, அப்போதே அந்தப் படங்களுக்கும் சேர்த்து எண்ணெய் தேய்த்துவிட்டீர்கள்.

இந்த வயிறு-ஆத்மாப் பிரிவினை எங்கள் ஊரோடு நிற்கிற நோயும் அல்ல. கூலி வாங்கிச் செய்தால் மட்டம், கூலியில்லாமல் செய்தால் உசத்தி என்று உலகம் பூராவும் ஒரு மயக்கம் இருக்கிறது. இந்த அளவுகோலை ஒரு பெரிய போட்டோக்காரரின் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம்.

டாரதியா லாங் என்ற அமெரிக்கப் பெண்மணி 1919-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஸ்டூடியோ திறந்தார். வாடிக்கைக்காரர்கள் பணக்காரக் குடும்பத்தார். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் கால் சற்று இழுக்கும். ஆனாலும் தொழிலில் கெட்டி. பத்து வருஷம் கழித்துப் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. ஸ்டூடியோ ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேலையில்லாதவர்கள் தெருவில் அலைந்து கொண்டிருந்தார்கள். 1933-ல் காமிராவை எடுத்துக் கொண்டு கீழே இறங்கினார். இலவச ரொட்டிக்காக நிற்கும் கூட்டம். அதற்கு முதுகைக் காட்டியபடி, தகரக் குவளையைக் கைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டு தனியாக நிற்கும் ஒரு கிழவர். அந்தப் படத்துக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. பிரமுகருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் லாங் என்றதும் உலகம் நினைக்கும் படம் அது அல்ல. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற இடத்தில், பயிர் கெட்டுப் போனதால் வேலையில்லாமல் தவித்த பட்டாணித் தோட்டக் கூலிகளின் முகாமில், குழந்தைகள் தோளில் சாய்ந்திருக்க, கன்னத்தில் விரல் ஊன்றி எங்கோ பார்க்கும் தாயின் படம். அது சர்க்கார் உத்தியோகத்தில் எடுத்தது, ஐயா! சம்பளப் படம்! உரிமைகூட அவருக்கு இல்லை. அன்று வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக் கொண்டிருந்தவர், முகாமின் பெயர்ப்பலகையைத் தாண்டி இருபது மைல் போனபின் மனசு கேளாமல் காரைத் திருப்பினேன் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அந்த இருபது மைல் வயிற்றுக்கா, ஆத்மாவுக்கா?

"கூலி கொடுப்பவன் சொன்னபடிதானே ஆட வேண்டும்?" என்று கேட்பீர்கள். 1942-ல் ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க சர்க்கார் வீடு வாசலிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தது. அதைப் படம் எடுக்க லாங்கையே கூலிக்கு அமர்த்தியது. அவரும் எடுத்தார். கழுத்தில் அடையாளச் சீட்டுத் தொங்கும் குழந்தைகளை எடுத்தார். படங்களைப் பார்த்த ராணுவம் அவற்றை முடக்கி வைத்தது. 2006-ல் ஒரு நூலாகத் தொகுத்து வந்த பிறகுதான் பலர் அவற்றைக் கண்டார்கள். கூலி வாங்கியவர் கண்ணை விற்கவில்லை என்பதற்குக் கூலி கொடுத்தவர்களே எழுதித் தந்த நற்சாட்சிப் பத்திரம் அது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பட்டாணித் தோட்டத்துத் தாயின் பெயர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்பது 1978-ல்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று மனம் கசந்துதான் பேசினார். ஆகையால் படம் எடுப்பவர் கணக்குப் பார்க்க வேண்டியது யார் பணம் கொடுத்தார் என்பதைப் பற்றியல்ல. காமிராவுக்கு எதிரே நின்றவருக்குத் தான் என்ன கடன் பட்டிருக்கிறோம் என்பதைப் பற்றி. அந்தக் கணக்கில் தொழில் படம், சொந்தப் படம் என்று இரண்டு பேரேடு கிடையாது.

இனி என் கணக்கு. மூன்று வருஷத்துக்கு முன் என் பெண் கல்யாணத்துக்கு அவர்தான் படம் எடுத்தார். பேசிய தொகையில் ஐயாயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். "உங்களுக்குத்தான் இது பிடித்தமான வேலை ஆயிற்றே, சார்" என்று சிரித்துக் கொண்டே சொன்னேன். சமையல்காரரிடமோ புரோகிதரிடமோ அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. தொடர்கதைக்குச் சன்மானம் குறைந்தால் பத்திரிகை ஆபீசுக்குக் காரமாகக் கடிதம் எழுதுகிறவன் நான்!

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆல்பத்தோடு தனியாக ஓர் உறையும் கொடுத்தார். உள்ளே என் அத்தையின் படம். கைம்பெண் என்று மணமேடைப் பக்கமே வராமல், பின்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக் கொண்டிருந்தாள். நாதஸ்வரம் கேட்டு ஒரு கணம் நிமிர்ந்திருக்கிறாள். அந்தக் கணம் அதில் இருந்தது. ஆல்பத்தில் நூற்றுக்கணக்கான படங்கள். ஒன்றிலும் அவள் இல்லை. 'அத்தை எங்கே?' என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கவும் தோன்றவில்லை. மறு வருஷம் அத்தை போய்விட்டாள். இன்று எங்கள் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான். அது கல்யாணத்தில் எடுத்தது. யாரும் கேட்காமல் எடுத்தது. பிரமுகர் அதை எந்த அலமாரியில் வைப்பார்?

கலைஞர்களுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம் ஒன்றே ஒன்று. தொழிலை விடு என்று மேடையில் நின்று புத்தி சொல்லாமல், செய்த தொழிலுக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல், நாள் தவறாமல் கொடுப்பது. இரவு பன்னிரண்டு மணிக்கு ரிசப்ஷன் முடிந்து களைத்து நிற்கிற அந்த மனிதரைப் பின்கட்டுக்குப் போக வைப்பது எதுவோ, அதை நம்மால் கொடுக்க முடியாது. அதைத் தட்டிப் பறிக்காமல் இருந்தால் போதும்.

மறுநாள் ஐயாயிரம் ரூபாயை எடுத்துக் கொண்டு அவர் ஸ்டூடியோவுக்குப் போனேன். "வேண்டாம் சார், இருக்கட்டும்" என்பார், கண் கலங்கும் என்றெல்லாம் கதாசிரிய புத்தி கற்பனை பண்ணியது. அவர் நோட்டுகளை நிதானமாக எண்ணினார். மேஜை டிராயரில் போட்டார். பிறகு ரசீது எழுதி நீட்டினார்: 'பாக்கித் தொகை முழுவதும் பெற்றுக் கொண்டேன்.'