மார்கழிக் கணக்கு

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிற எங்களுக்கு ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கை காய்கிற மாதங்கள். ஆடியில் கேமராவை சர்வீஸுக்குக் கொடுப்போம், வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்புவோம். புரட்டாசியில் பாக்கி வசூலிக்க அலைவோம். மார்கழியில்தான் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, வருஷம் முழுக்க எடுத்ததைப் பார்க்க உட்காருவோம். பளிச்சென்று இருக்கிற பத்துப் பன்னிரண்டு படங்களைப் பொறுக்கி, 'இந்த வருஷம் இப்படிப் போனது' என்று ஊருக்குக் காட்டுவது வழக்கம். இந்த மார்கழியில் அந்தப் பன்னிரண்டை விட்டுவிட்டு மிச்சத்தைப் பேசலாம். வீடு, பயணம், வேலை என்று எந்தப் பக்கம் புரட்டினாலும் எங்களில் பெரும்பாலோர் கணக்கில் ஒரே துண்டுதான் விழுகிறது.

ஷட்டரை அழுத்துவதோடு தொழில் முடிந்தது என்று இருந்துவிட்டோம். அதற்குப் பிறகு படத்தில் இருப்பவர் பெயரை எழுத வேண்டும், உரியவர் கையில் ஒரு பிரதி சேர வேண்டும், அது கெடாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நாங்கள் வேலையாகவே மதிக்கவில்லை.

வீட்டிலிருந்து தொடங்கலாம். ஊரார் பிள்ளையின் காதுகுத்துக்கு இரண்டு கேமராவும் ஒரு ட்ரோனும் கொண்டுபோகிறவர்கள் நாங்கள். சொந்தத்தில் விசேஷம் என்றால் அதுவும் முகூர்த்த நாளில்தான் வருகிறது. ஆர்டர் இருக்கிறது, போக முடியாது. தப்பித்தவறிப் போனால், "நீதான் இருக்கியே, வேற ஆள் எதுக்கு?" என்று மாமா ஒருவர் சொல்லிவிடுவார். அன்றைக்கும் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்போம். அந்தப் படங்கள், கஸ்டமர் வேலை முடியட்டும் என்று கார்டிலேயே கிடக்கும். அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு தேவைப்படும்போது அவசரத்தில் ஃபார்மட் ஆகிவிடும். போட்டோகிராஃபர் வீட்டு ஆல்பத்தில் போட்டோகிராஃபரும் இல்லை, பல வீடுகளில் ஆல்பமே இல்லை.

இதன் விலை சாவு வீட்டில் தெரிகிறது. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டு, "அம்மா படம் ஒண்ணு அனுப்புங்க தம்பி" என்பார். போனைத் துழாவி, யாரோ கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த படத்தைக் கண்டுபிடித்து, தலையை மட்டும் வெட்டி, பின்னணியை நீலமாக்கி, அந்த அம்மாள் உடுத்தாத பட்டுப்புடவையைக் கழுத்துக்குக் கீழே ஒட்டி அனுப்புவோம். ஊரில் எத்தனையோ வீட்டுக்கு இப்படிச் செய்து கொடுத்திருக்கிறோம். எங்கள் வீட்டுக்கும் அதே கத்தரிதான். உயிரோடு இருந்தவரை, 'வெளிச்சம் நல்லா இருக்கு, இங்கே வந்து உட்காரும்மா' என்று சொல்ல எங்களுக்கு ஒரு மாலைப் பொழுது வாய்க்கவில்லை. மதுரை வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பித் தன் குடும்பத்தையே படமெடுக்கத் தொடங்கினார். உலகம் கவனித்த வேலை அது. அதே ஊரடங்கு எங்களுக்கும் இருந்தது. நாங்கள் பழைய லென்ஸை விற்று வாடகை கட்டினோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரு கேமரா மிச்சம் இருந்தது, வீட்டு ஜனங்களும் எதிரிலேயே இருந்தார்கள்.

முந்தைய தலைமுறை இதில் எங்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. பழைய டிரங்குப் பெட்டிகளில் இன்னும் அகப்படும் ஒரு வகைப் படம் உண்டு. வயசுக்கு வந்த பெண்ணுக்கோ வளைகாப்புப் பெண்ணுக்கோ பூச்சடை தைத்து, பூ வாடுவதற்குள் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்தது. பெண் சற்றே திரும்பி நிற்கிறாள். பின்னால் நிறுத்திய ஆளுயரக் கண்ணாடியில் தாழம்பூவும் மல்லிகையுமாகச் சடை முழுக்கத் தெரிகிறது. ஒரே படத்தில் முகமும் பின்னலும். கேமராவும் விளக்கும் கண்ணாடியில் விழாத கோணத்தை ஸ்டுடியோக்காரர் பார்த்து வைத்திருக்கிறார். படத்தைத் திருப்பினால் ஊதா மையில் ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்பு, அருகே பென்சிலில் நெகட்டிவ் நம்பர். அந்த நம்பரை வைத்து ஸ்டுடியோ ரிஜிஸ்டரைப் புரட்டினால் பெயர், தேதி, என்ன சைஸ், எத்தனை காப்பி, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு. அவர் பாக்கிக்காகத்தான் எழுதினார். ஆனால் அந்த ஒரு வரியால், அரை நூற்றாண்டு கழித்துப் பேத்தி வந்து கேட்டாலும் பாட்டியைத் தேடி எடுத்துவிடலாம்.

எங்கள் ஃபைலைப் பாருங்கள். டிஎஸ்சி என்று தொடங்கி நாலு இலக்கம். எந்த நொடியில் எடுத்தது, என்ன அப்பெர்ச்சர், எந்த லென்ஸ், ஜிபிஎஸ் இருந்தால் எந்த இடம் என்பதுவரை கேமராவே எழுதிவிடுகிறது. படத்தில் இருப்பது யார் என்பதை மட்டும் அதற்கு எழுதத் தெரியாது. அதை நாங்கள் எழுத வேண்டும், எழுதவில்லை. எண் 9999-ஐத் தாண்டினால் மறுபடி 0001. மன்னார்குடி மாப்பிள்ளைக்கும் தாராபுரம் மாப்பிள்ளைக்கும் ஒரே ஃபைல் பெயர் வந்து, காப்பி செய்யும்போது ஒருவர்மேல் ஒருவர் விழுந்து காணாமல் போனதெல்லாம் எங்கள் தொழிலில் வெளியே சொல்லாத கதை.

பயணத்துக்கு வருவோம். ஆடி இடைவெளியிலும் திருவிழாக் காலங்களிலும் நாங்கள் 'சொந்த வேலை' பார்க்கப் போகிறோம். சித்திரையில் கூவாகம், கார்த்திகையில் திருவண்ணாமலை, தசராவுக்குக் குலசேகரப்பட்டினம், நடுவில் தனுஷ்கோடி. கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து அழுகிற திருநங்கைகளின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வைட் லென்ஸைப் பிடித்தோம். அழுகிறவரைச் சுற்றிப் பத்துப் பேர் முண்டியடித்ததில் எங்களுக்குக் கூச்சம் வரவில்லை. எதிரே நிற்கிற போட்டோகிராஃபர் ஃபிரேமுக்குள் வருகிறாரே என்ற எரிச்சல்தான் வந்தது. பெயர் கேட்கவில்லை. எடுக்கலாமா என்றும் கேட்கவில்லை. சில இடங்களில் கேட்டிருக்கிறோம். "படம் அனுப்பறோம் பாட்டி" என்றும் சொல்லியிருக்கிறோம். எந்த முகவரிக்கு என்று குறித்துக்கொள்ளவில்லை. வலை பின்னுகிற கை, வெற்றிலை மெல்லுகிற வாய், சுருக்கம் விழுந்த கன்னம் எல்லாம் போட்டிகளுக்குப் போயின. பதக்கம் வந்தது, பாட்டிக்குப் படம் போகவில்லை.

வெள்ளைக்காரன் எங்களை மாதிரிப் பொருளாக்கிவிட்டான் என்று மேடையில் பேசுகிறோம். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' என்ற படத்தொகுப்பைக் காட்டிக் கோபப்படுகிறோம். அதில் மனிதர்கள் பெரும்பாலும் சாதி, குலப் பெயரோடு நிற்கிறார்கள், சொந்தப் பெயரோடு இல்லை. கோபம் நியாயமானது. ஆனால் நாங்கள் போட்டிக்கு அனுப்பிய படங்களின் தலைப்புகளையும் வாசிக்க வேண்டும்: 'முதுமை', 'வறுமை', 'நம்பிக்கை', 'உழைப்பின் ரேகைகள்'. அவன் சாதியை எழுதினான், நாங்கள் குணத்தை எழுதினோம். இரண்டிலும் ஆளைக் காணோம்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு எங்கள் நடுவிலேயே ஆள் இருக்கிறார். மலக்குழி மரணங்களை விடாமல் படமெடுத்த பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பிள்ளைகளுக்கும் கேமராவைக் கையில் கொடுத்துக் கற்றுத்தந்தார். அவர்கள் வீட்டை அவர்களே எடுத்தார்கள். பாராட்டி லைக் போட்டதோடு நாங்கள் நகர்ந்துவிட்டோம்.

வேலையில் செய்தது கூலிக்குச் செய்தது என்று தப்பிக்க முடியாது. பெண்ணின் கறுப்பை வெளுக்க வைத்தோம். யாரும் கேட்காவிட்டாலும் வெளுக்க வைத்தோம். ஸ்லைடரைத் தள்ளுவது கைப்பழக்கமாகிவிட்டது. ஆல்பம் வந்ததும் மணப்பெண்ணின் தங்கை, "அக்காவா இது?" என்று கேட்டால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டோம். மண்டபத்தில், "பொண்ணு வீட்டு ஃபேமிலி எல்லாரும் வாங்க" என்று நாங்கள்தான் குரல் கொடுக்கிறோம். தாலி இழந்த சித்தி தூணோரம் ஒதுங்கி நிற்பது வியூஃபைண்டரில் எங்களுக்குத் தெரியும். 'நீங்களும் வாங்கம்மா' என்று போட்டோகிராஃபர் ஒரு வார்த்தை சொன்னால் மண்டபத்தில் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த மேடையில் எங்கள் சொல்லுக்கு அவ்வளவு செல்வாக்கு. அந்தச் செல்வாக்கைக் கொண்டு, 'மாப்பிள்ளை, கொஞ்சம் சிரிங்க' என்றுதான் சொன்னோம். நாயனக்காரரின் விரல்களை க்ளோசப்பில் எடுத்தோம், அவர் முகம் ஃபோகஸில் இல்லை. சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எங்களோடு எழுந்து, முகூர்த்தம் முடியும்வரை லைட்டைத் தூக்கிப் பிடித்த பையனை ஒரு ஓரத்திலாவது எடுத்தோமா என்றால் அதுவும் இல்லை. அவன் கூலியையே அடுத்த ஆர்டர் வரும்வரை இழுத்தடித்தோம்.

இதைவிடப் பெரிய அலட்சியம் ஒன்று இருக்கிறது. அதை இந்த ஒரு வருஷத்தின் தலையில் கட்ட முடியாது. ஊட்டியில் 1960-ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பரில் பிரிண்ட் போட்டுத் தொழில் கற்றவர்கள் எங்களுக்கு குருமார்கள். டிஜிட்டல் வந்ததும் அவர்கள் கடையைக் காலி செய்யக் கூடமாட நின்றவர்கள் நாங்கள். நெகட்டிவ்கள் வெள்ளிக்காக எடைக்குப் போயின. கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவிப் படம் ஃபிரேம் போட்டார்கள். ரிஜிஸ்டர்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. ஒரு ஊரின் முகங்கள் முழுக்க அந்த அலமாரியில் இருந்தன என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. தமிழ் ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடிப்போய் மின்வடிவமாக்கும் வேலையை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்தது. அலமாரிக்குப் பக்கத்திலேயே இருந்த நாங்கள், நல்ல பழைய கேமரா ஏதாவது மலிவாகக் கிடைக்குமா என்று பார்த்தோம்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் மெத்தையோடும் பாடப் புத்தகத்தோடும் கல்யாண ஆல்பங்களும் தெருவுக்கு வந்தன. 2023 மார்கழி தொடங்கிய நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தாமிரபரணிக் கரை மூழ்கியபோதும் இதே காட்சி. இரண்டு முறையும் போய்ப் படமெடுத்தோம். நனைந்த ஆல்பம் உருக்கமான படம். நனைந்த பிரிண்டை ஒன்றோடொன்று ஒட்டிக் காய விடக்கூடாது, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, படத்தில் விரல் படாமல் நிழலில் மல்லாத்திக் காய வைத்தால் பெரும்பாலும் பிழைக்கும் என்பது டார்க் ரூம் பார்த்தவர் எவருக்கும் தெரிந்த பாடம். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, உரியவர் வந்து அடையாளம் காணும்படி கூடங்களில் வரிசையாக வைத்தார்கள். ஃபுஜிஃபிலிம் நிறுவனமும் அதற்குத் துணை நின்றது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கொடிக்கயிறும் போதும் என்கிற வேலையை எங்கள் ஊரில் எங்களில் எத்தனை பேர் செய்தோம்?

இன்றைய படங்களுக்கு வெள்ளம்கூட வர வேண்டாம். போட்டோகிராஃபரிடம் எப்படியும் இருக்கும் என்று கஸ்டமர் நினைக்கிறார். பென் டிரைவ் கொடுத்தாயிற்று, இனி அவர் பாடு என்று நாங்கள் நினைக்கிறோம். அவர் பென் டிரைவ் பீரோவில், எங்கள் ஹார்ட் டிஸ்க் ஸ்டூல்மேல். இரண்டில் எது முதலில் கெடும் என்பதில்தான் சந்தேகம்.

தை பிறக்க நாள் இருக்கிறது. ஃபோல்டருக்குத் தேதியும் ஊரும் வீட்டுப் பெயரும் வைக்க மார்கழி போதும். ஃபைலுக்குள்ளேயே குறிப்பு எழுத இடம் இருக்கிறது. பெயரைத் தமிழிலேயே எழுதலாம். ஒரு பிரதி கடையில், ஒரு பிரதி வேறொரு வீட்டில். எத்தனை வருஷம் வைத்திருப்போம் என்பதை ஆர்டர் பிடிக்கும்போதே எழுதிக் கொடுக்கலாம். அனுப்புகிறோம் என்று சொன்ன படங்களைப் பிரிண்ட் போட்டு, முகவரி தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்பலாம், தெரியாதவர்களை அடுத்த திருவிழாவில் தேடிப்போய்க் கொடுக்கலாம். பக்கத்து ஊரில் ஷட்டர் இறங்கப்போகிற ஸ்டுடியோவின் அலமாரியை எடைக்காரருக்கு முன்னால் பார்த்துவிடலாம்.

இவையெல்லாம் தெரியாமல் விட்டவை அல்ல. காசு வராத வேலை என்பதால் விட்டவை. அதனால் ட்ரோனுக்குத் தனியாகத் தொகை போடுகிற கொட்டேஷனில், பெயரெழுதிப் பாதுகாப்பதற்கும் ஒரு வரி சேர்ப்போம். எதற்கு என்று கேட்பார்கள், சொல்லுவோம். கொடுக்கிறவர் கொடுக்கட்டும். கொடுக்காதவர் வீட்டுப் படத்திலும் பெயரை எழுதித்தான் தர வேண்டும்.